எதிலிருந்து இரு மடங்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பலரும் அன்றாடம் சாப்பிடும் ஒரு மாத்திரை, ஒரு நோய் வரும் வாய்ப்பை இரு மடங்காக்குகிறது என்று சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. (மாத்திரையின் பெயரை வேண்டுமென்றேதான் இங்கே எழுதாமல் விடுகிறேன்.) ஆய்வை நடத்தியவர்கள் யார், எந்த ஆய்விதழில் வெளியானது, எத்தனை ஆண்டுகள் கண்காணித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தன. அக்கறையோடு எழுதப்பட்ட செய்திதான். ஆனால் எதிலிருந்து இரு மடங்கு என்பது மட்டும் எங்கேயும் இல்லை. மாத்திரை சாப்பிடாத ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு அந்த நோய் வருகிறது, சாப்பிடும் ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு வருகிறது? இந்த இரண்டு எண்களும் தெரியாதவரை, மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று யாராலும் யோசிக்கக்கூட முடியாது. பயப்பட மட்டும்தான் முடியும்.

அந்தப் பயம் என்ன செய்யும் என்பதற்கு 1995இல் பிரிட்டனில் நடந்ததே சாட்சி. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு ஏற்படும் வாய்ப்பு இரு மடங்காகிறது என்று அந்நாட்டின் மருந்துப் பாதுகாப்புக் குழு அந்த ஆண்டு அக்டோபரில் எச்சரித்தது. ஊடகங்கள் அதை அப்படியே தலைப்பாக்கின. பழைய வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 7,000 பேருக்கு ஒருவர் என்றிருந்தது, புதிய வகையில் 7,000 பேருக்கு இருவர் ஆனது. இரு மடங்கு என்பது பொய்யல்ல; கூடுதலாகப் பாதிக்கப்பட்டவர் 7,000இல் ஒருவர் என்பதும் அதே அளவுக்கு உண்மை. முதல் உண்மை மட்டும் மக்களிடம் போய்ச் சேர்ந்தது. பெண்கள் பலர் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் கூடுதலாகச் சுமார் 13,000 நடந்ததாக மதிப்பிட்டார்கள். கர்ப்பகாலத்தில் ரத்தக்கட்டு ஏற்படும் அபாயம் அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதுதான் இதில் மிகவும் வேதனையானது. ஆபத்திலிருந்து தப்பிப்பதாக நினைத்தவர்கள் பெரிய ஆபத்துக்குள் போனார்கள்.

பதப்படுத்தப்பட்ட இறைச்சி பற்றிய செய்தியிலும் இதுவே நடந்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்று 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. பிரிட்டன் போன்ற நாடுகளில் வாழ்நாளில் 100 பேரில் சுமார் 6 பேருக்கு வரும் நோய், அந்த அளவு சாப்பிடுபவர்களில் சுமார் 7 பேருக்கு வரும் என்பதே இதன் பொருள். புற்றுநோய் உண்டாக்குபவை என்று அந்த முகமை வைத்திருக்கும் பட்டியலில் புகையிலையோடு இந்த இறைச்சியும் சேர்ந்ததால், இரண்டும் சம அளவில் கொல்லும் என்று பல தலைப்புகள் சொல்லின. சான்று எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் அந்தப் பட்டியல் காட்டுகிறது, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல.

மருந்தின் பலனைச் சொல்லும் செய்திகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். நூறில் இருவருக்கு வருவதை ஒருவராகக் குறைக்கும் மருந்தை 'பாதியாகக் குறைக்கிறது' என்று எழுதிவிட்டு, பக்கவிளைவை மட்டும் 'நூறில் ஒருவருக்கு' என்று எழுதினால், இரண்டும் ஒரே அளவு என்பது யாருக்குத் தெரியும்? ஒரே செய்தியில் இரண்டு அளவுகோல்கள் இருக்கவே கூடாது.

செய்தியாளர்கள் மீது மட்டும் பழி போடுவது நியாயமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆய்வுகளைப் பற்றி ஊடகங்களுக்கு அனுப்பிய 462 பத்திரிகைக் குறிப்புகளை கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூல ஆய்வுகளோடு ஒப்பிட்டு, 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். ஆய்வில் உள்ளதைவிட மிகையான அறிவுரை 40 சதவீதக் குறிப்புகளில் இருந்தது. விலங்குகளிடம் கண்டதை மனிதர்களுக்கும் பொருந்துவதாக மிகைப்படுத்தியவை 36 சதவீதம். ஆக, மிகைப்படுத்தல் பெரும்பாலும் செய்தி அறைக்கு வருமுன்பே தொடங்கிவிடுகிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: குறிப்பில் மிகைப்படுத்தியதால் அது செய்தியாகும் வாய்ப்பு கூடியதற்குச் சரியான சான்று கிடைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்ற அச்சம் உங்கள் அலுவலகத்திலும் இருந்தால், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு வழக்கம்தான். மருத்துவ ஆய்வு பற்றிய எந்தச் செய்தியிலும் சதவீதமோ மடங்கோ வந்தால், அதன் பக்கத்திலேயே 'இத்தனை பேரில் இத்தனை பேர்' என்ற கணக்கும் வர வேண்டும். கடைசிப் பத்தியில் வந்தால் பயனில்லை. அதுவரை பொறுமையாகப் படிப்பவர்கள் குறைவு. மூல ஆய்வுக் கட்டுரையின் அட்டவணைகளில் இந்த எண்கள் பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் ஆய்வாளருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். அவரிடமிருந்தும் பதில் வராவிட்டால், 'அடிப்படை எண்ணிக்கை தரப்படவில்லை' என்றே அச்சிடுங்கள். தலைப்பை எழுதுபவரும் செய்தியை எழுதுபவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பதால், இந்த விதி இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சென்ற இதழின் செய்திக்கும் அந்த இரண்டு எண்களைத் தேடி, அடுத்த இதழின் மருத்துவப் பக்கத்திலேயே வெளியிடுங்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, மருத்துவரைக் கேட்காமலே மாத்திரையை நிறுத்தியவர்கள் உங்கள் வாசகர்களில் சிலராவது இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்