நகரும் தீவில் ஒரு கோட்டை

அன்புள்ள நண்பனுக்கு,

கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று உன் மகள் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் மனம் நிம்மதியடைந்தது. கண்ணை வருத்திக்கொள்ளாமல் இக்கடிதத்தை அவளையே படித்துக் காட்டச் சொல்.

மகன் வீட்டுக்கு வந்த பிறகு நான் பார்த்தவற்றுள் உனக்கு எழுதியே ஆக வேண்டிய இடம் வளைகுடாத் தீவுகள் தேசியக் கடற்கரை. மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய புளோரிடா, மிசிசிப்பி மாநிலங்களின் கரைக்கு அரணாக நீண்டு கிடக்கும் மணல் தீவுகளையும் அவற்றின் மீதுள்ள பழைய கோட்டைகளையும் சேர்த்து, 1971-இல் அமெரிக்க அரசு பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கியது. நாங்கள் பென்சகோலா நகரை அடுத்த சாண்டா ரோசா தீவுக்குச் சென்றோம். அப்பலாச்சியன் மலைகளிலிருந்து ஆறுகள் அடித்து வந்த படிகக்கல் துகள்களே அங்கு மணலாகியிருப்பதால், கரை முழுவதும் கண் கூசும் வெண்மை.

தீவின் மேற்குப் பகுதியில் பிக்கன்ஸ் கோட்டை நிற்கிறது. 1829-இல் தொடங்கி 1834-இல் முடிந்த அந்தக் கட்டடத்துக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட செங்கற்கள் தேவைப்பட்டன. அவற்றை அடுக்கியவர்களில் பெரும்பாலோர், உடைமையாளர்களிடமிருந்து கூலிக்கு அமர்த்தப்பட்ட அடிமைகள். கூலி உடைமையாளருக்கு, உழைப்பு அடிமைக்கு. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் முழுவதும் தென்மாநிலப் படைகளிடம் வீழாமல், அடிமை முறையை ஒழித்த தரப்பின் கையிலேயே இக்கோட்டை இருந்தது என்பதை அந்த வளைவுகளுக்குக் கீழே நின்று நினைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் 1886-இல் அதே அரசுதான் அப்பாச்சே எனும் பழங்குடி இனத்தின் போர்த்தலைவர் ஜெரோனிமோவையும் அவருடைய வீரர்களையும் இங்கே சிறை வைத்தது. அவர்களுடைய மனைவி மக்களைத் தனியே பிரித்து வேறொரு கோட்டைக்கு அனுப்பியது. சிறைப்பட்டவர்களைக் காண மக்கள் படகேறி வேடிக்கை பார்க்க வந்தார்கள் என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது.

கோட்டை அசையாது, தீவு அப்படியல்ல. அலைகள் மணலைக் கிழக்கிலிருந்து மேற்காகத் தள்ளிக்கொண்டே இருப்பதால் தீவு ஓரிடத்தில் கரைந்து மற்றோரிடத்தில் வளர்கிறது. பென்சகோலா விரிகுடா வாயிலின் எதிர்க்கரையில் இருந்த மெக்ரீ கோட்டை, போரில் சிதைந்து, பிறகு கடலோடு போய்விட்டது. மிசிசிப்பி பக்கமுள்ள ஷிப் தீவை 1969-இல் கமில் புயல் இரண்டாகப் பிளந்தது. பிக்கன்ஸ் கோட்டைக்குச் செல்லும் சாலையை 2004-இல் ஐவன் புயல் சிதைத்தது. வாகனங்கள் மறுபடி ஓட 2009 ஆயிற்று. மணல்மேடுகளைப் பிடித்து நிறுத்துவது கடல் ஓட்ஸ் எனும் உயரமான புல்தான். அதன் கதிரைப் பறிப்பதைச் சட்டமே தடுக்கிறது. முட்டையிட வரும் கடலாமைகள் வழி தவறாதிருக்க, இரவில் கரையில் வெளிச்சம் காட்டக் கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு.

கடல் எத்தனை முறை அறுத்தாலும் சாலையைத் திரும்பப் போட்டே தீர வேண்டும், இல்லாவிட்டால் முதியவர்கள் அந்தக் கோட்டையைப் பார்ப்பது எப்படி என்று மகன் கேட்கிறான். என் முழங்கால் அவன் பக்கம்தான். ஆனாலும் நகர்வதே இயல்பான தீவை நகர விட்டுவிட்டு, படகில் போய்ப் பார்ப்பதே சரி என்று நினைக்கிறேன். முப்பது ஆண்டு வரலாறு கற்பித்தவன் நீ. உன் முடிவு என்னவென்று மகளிடம் சொல்லி எழுதச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்