பழைய வீடுகளும் சிமெண்டுப் பூச்சும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் பழைய பண்ணைவீடுகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது மேற்கு சசெக்ஸிலுள்ள சிங்கிள்டன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 'பேலீஃப்' என்னும் பண்ணைவீட்டை நேரில் கண்டவன் என்பதால், கட்டுரையாளர் விட்டுவிட்ட ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன்.

கெண்ட் பகுதியில் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்த வீடு இருந்த இடத்தில் பவ் பீச் நீர்த்தேக்கம் வரவிருந்ததால், 1960களின் இறுதியில் அதைக் கட்டை கட்டையாகப் பிரித்துச் சிங்கிள்டனுக்குக் கொண்டுவந்து மறுபடி எழுப்பினார்கள். துளையும் கழுந்துமாகப் பொருத்தி மர ஆணி அறைந்த ஓக் சட்டகமே முழுப் பாரத்தையும் தாங்குவதால் இது கைகூடிற்று. சட்டங்களுக்கு இடையே மிலாறு எனும் மெல்லிய கிளைகளைப் பின்னி, வைக்கோலும் சாணமும் பிசைந்த களிமண்ணை அப்பியிருக்கிறார்கள். நடுக்கூடத்துக்கு மேல்தளம் இல்லை, புகைபோக்கியும் இல்லை. தரையில் மூட்டிய தீயின் புகை கூரையிடுக்கு வழியாகவே வெளியேறும். புகை குடித்த பனங்கையைக் கரையான் அண்டாது என்று என் அப்பத்தா சொல்வது அங்கே நின்றபோது நினைவுக்கு வந்தது.

நான் சொல்லவந்தது பூச்சைப் பற்றி. இத்தகைய வீடுகள் பலவற்றுக்கு 20ஆம் நூற்றாண்டில் சிமெண்டு பூசியதால் ஈரம் உள்ளே அடைபட்டு ஓக் சட்டங்கள் உளுத்துப்போயின. பிறகுதான் ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்புப் பூச்சின் அருமையை அங்குள்ளவர்கள் மறுபடி உணர்ந்தார்கள். 1877இல் ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் முதலானோர் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் இதை வலியுறுத்திவருகிறது.

நம் கரையில் அதே தவறு இப்போது நடக்கிறது. பாம்பனில் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு என் முன்னோர் கட்டிய வீட்டுக்கு, ஒப்பந்தக்காரர் ஒருவரின் பேச்சைக் கேட்டுச் சில ஆண்டுகளுக்கு முன் நானே சிமெண்டு பூசவைத்தேன். இரண்டாம் மழைக்காலம் முடிவதற்குள் சுவர் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. கூடவே கல்லின் மேற்பரப்பும் பொடிந்து உதிர்ந்தது. கட்டட வரைபடங்களோடு முப்பது ஆண்டுகள் உழன்றவனுக்கே இந்த அறிவு பிந்தித்தான் வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

மன்னார் வளைகுடாவின் ஒரு பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001 முதல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன; அதாவது அவற்றை வெட்டி எடுக்கக் கூடாது. இவை இரண்டும் முற்றிலும் சரியே. ஆனால், உதிர்ந்துபோகும் ஒரு கல்லுக்கு மாற்றுக் கல் இனி எடுக்க முடியாது. எனவே, நம் கடலோரத்துப் பழைய வீடுகளையும் வழிபாட்டிடங்களையும் பழுதுபார்ப்போர் சுண்ணாம்புக் காரையையே பயன்படுத்தவேண்டும் என மாவட்ட நிர்வாகம் அறிவுறுத்தவேண்டும். இடிப்பது தவிர்க்க முடியாதபோதும், பேலீஃபுக்குச் செய்ததுபோல முதலில் அளந்து வரைந்து வைக்கவேண்டும்.

கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்துச் சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இப்பகுதியில் இன்னும் ஒரு சிலர் இருக்கிறார்கள்; எல்லோரும் முதியவர்கள். தங்கள் செய்தியாளர் ஒருவர் அவர்களைச் சந்தித்து, கலவை விகிதத்தையும் அரைக்கும் முறையையும் விரிவாக எழுதி வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைவாளர்,
பாம்பன்.