ஸ்கேனர் வாங்குவதற்கு முன் 20 நூல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய நூல்களை மின்னாக்கம் செய்ய நூலகங்களும் அறக்கட்டளைகளும் தயாரிக்கும் திட்ட அறிக்கைகளில் 'ஸ்வாட்' (SWOT) அட்டவணை, அதாவது பலம், பலவீனம், வாய்ப்பு, இடர் என்ற நான்கு கட்டங்கள், தவறாமல் இடம்பெறுகிறது. பலம் என்ற கட்டத்தில் 'அரிய நூல்கள்', பலவீனத்தில் 'நிதிப் பற்றாக்குறை'. இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு ஒரு நாள் வேலையைக்கூடத் திட்டமிட முடியாது.

அட்டவணையில் கை வைக்கும் முன் அலமாரியிலிருந்து கைக்கு வந்தபடி 20 நூல்களை எடுங்கள். நூலை மெல்ல விரிக்கும்போது தையல் விடுகிறதா, ஓரம் பொடிகிறதா என்று பாருங்கள். 7 நூல்கள் தாங்கவில்லை என்றால், 'மூன்றில் ஒரு பங்கு நூல்களைக் கவிழ்த்து ஸ்கேன் செய்ய முடியாது' என்பதுதான் பலவீனம். அப்படி எழுதிவிட்டால், நூலைப் பாதி விரித்துத் தாங்கி மேலிருந்து படமெடுக்கும் கருவிதான் தேவை என்பது விலைப்புள்ளி கேட்கும் முன்பே தெரிந்துவிடும்.

சேமிப்பும் கணக்குப் போட வேண்டிய விஷயம்தான். ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), வண்ணத்தில், சுருக்காமல் சேமித்தால் சுமார் 26 எம்பி. 200 பக்க நூலுக்கு 5.2 ஜிபி. 500 நூல்களுக்கு 2.6 டெராபைட், இரண்டு பிரதி வைத்தால் அதுவும் இரட்டிப்பு.

பலரும் சறுக்குவது உள்ளே, வெளியே என்ற பிரிவில். நம் முடிவால் மாறக்கூடியது பலம் அல்லது பலவீனம். நாம் என்ன செய்தாலும் மாறாதது வாய்ப்பு அல்லது இடர். 'புதிய கணினி வாங்கலாம்' என்பதை வாய்ப்பில் எழுதுகிறார்கள். அது வாய்ப்பே அல்ல, நாம் எடுக்கவேண்டிய முடிவு. தமிழ்நாடு அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை யாரும் வெளியிடலாம் என்று நாட்டுடைமையாக்கியிருப்பதுதான் உண்மையான வாய்ப்பு. பதிப்புரிமை இடர். ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் அது நீடிக்கும்: 1965-இல் மறைந்தவரின் நூல் 2026 ஜனவரி 1 முதல்தான் பொதுவுடைமை. மொழிபெயர்ப்பு நூலானால் மொழிபெயர்த்தவருக்கும் தனி உரிமை உண்டு. இதைக் கவனிக்காமல் வலையேற்றிவிட்டுப் பிறகு இறக்க நேர்வது, செய்த உழைப்பு அத்தனையையும் வீணாக்கும்.

அடுத்து, கட்டங்களைக் குறுக்காக இணைக்க வேண்டும். பெரும்பாலான அறிக்கைகளில் இந்தப் படியே இல்லை. நாட்டுடைமையான நூல்கள் நம்மிடம் எத்தனை, அவற்றில் விரித்தால் தாங்குபவை எத்தனை? அந்தப் பட்டியல்தான் முதல் மூன்று மாத வேலை.

பக்கப் படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்கும் எழுத்துணரி (OCR) மென்பொருளை நம்பும் திட்டங்களுக்கு இன்னொரு சோதனையும் தேவை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, லை, னை போன்றவை பழைய வடிவில் இருக்கும். மென்பொருள் அங்கே தடுமாறும். 10 பக்கங்களை ஓட்டிப் பிழைகளை எண்ணுங்கள். பக்கத்துக்கு 40 பிழை என்றால் மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும்; அந்தச் சம்பளம் திட்டச் செலவில் ஏற வேண்டும்.

முதல் 50 நூல்கள் முடிந்ததும் அட்டவணையைத் திரும்ப எடுத்து, 20 நூல்களில் கண்ட எண்களை நடந்த எண்களால் திருத்திவிட்டு அடுத்த தவணை நிதியைக் கேட்கலாம்.

இப்படிக்கு,
நூல் மின்னாக்கப் பணியில் உள்ளோர்,
மதுரை