அப்பாவின் கல்வெட்டில் இன்னும் இரண்டு வரிகள் வேண்டும்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் தமது 86ஆம் வயதில் காலமான என் தந்தையின் பெயரைத் தெருமுனைப் படிப்பகத்திற்குச் சூட்டுவதென்று நீங்கள் எடுத்த முடிவு எங்கள் குடும்பத்தாரை நெகிழச் செய்தது. கல்வெட்டுக்கான வாசகத்தையும் நேற்று கொடுத்தனுப்பினீர்கள். ‘1971 போரில் ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பலில் பணியாற்றிய வீரர்’ என்று அதில் இருக்கிறது. உண்மைதான். ஆயினும் கடற்படையில் அவர் இருந்தது 15 ஆண்டுகள். அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உங்கள் கண்ணெதிரிலேயே வாழ்ந்தார். அந்த ஆண்டுகளுக்கும் கல்லில் இடம் வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

1957இல் 18 வயதில் கடற்படையில் சேர்ந்து, லோனாவாலாவில் உள்ள ஐ.என்.எஸ். சிவாஜி என்ற கடற்படைப் பயிற்சி நிலையத்தில் இயந்திரப் பயிற்சி பெற்ற அவருக்குக் கப்பலில் வாய்த்த இடம், கப்பலை ஓட்டும் நீராவியை உண்டாக்கும் பாய்லர் அறை. 1971இல், விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்தின் நான்கு பாய்லர்களில் ஒன்று விரிசல் கண்டிருந்தது. முழு வேகம் எடுக்க முடியாத அந்தக் கப்பலிலிருந்துதான் டிசம்பர் 4ஆம் தேதி தொடங்கி விமானங்கள் எழும்பிச் சென்று, அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. அந்த விமானங்கள் கிளம்பியதை அப்பா ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. “நான் பார்த்ததெல்லாம் பிரஷர் கேஜ் முள்ளைத்தான்” என்பார். அந்த மாதங்களில் கடற்படையின் தபால் நிலையமான பம்பாய் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் வழியாக அம்மாவுக்கு வந்த இன்லண்ட் கடிதங்களை வைத்திருக்கிறேன். எங்கே இருக்கிறார் என்று ஒன்றிலும் இல்லை. சின்ன அத்தையின் கல்யாணத்துக்குப் போட்ட சீட்டுப் பணத்தைக் கட்டியாயிற்றா என்ற கேள்வி மட்டும் எல்லாவற்றிலும் இருக்கிறது. மூன்று தங்கைகளையும் கரையேற்றியது அவர் அனுப்பிய மணியார்டர்தான்.

1972இல் ஊர் திரும்பியவர், பென்ஷன் வருகிறதே என்று ஒரு நாளும் சாய்வு நாற்காலியில் உட்காரவில்லை. காசிமேட்டில் சிறிய பட்டறை போட்டு விசைப்படகுகளின் டீசல் இன்ஜின்களைப் பழுது பார்த்தார். விடியற்காலை நான்கு மணிக்கு அவருடைய சைக்கிள் தெருவைக் கடக்கும் சத்தத்தில் கண் விழித்தவர்கள் உங்களிலும் சிலர் இருப்பீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தபோது அவருக்கு 65 வயது. உப்புநீர் புகுந்த இன்ஜினை அப்படியே விட்டால் துருப்பிடித்து வீணாகிவிடும் என்று, தெருப் பையன்களை வரிசையாக நிறுத்திக் குடம் குடமாக நல்ல தண்ணீரைக் கொண்டுவரச் செய்து, ஒவ்வொன்றையும் கழுவி எண்ணெய் விட்டுக் கையால் சுற்றிப் பார்த்தார். கூலி கேட்கவில்லை. அன்று குடம் சுமந்த பையன்களில் இருவர் இன்று சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்குள் அவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எனக்குத் தலை பின்னிவிட்டவர் அப்பாதான். கப்பலில் கயிறு முறுக்கிப் பழகிய கை. மூன்று புரியும் ஒரே இழுப்பில் இருக்கும், சாயங்காலம் வரை ஒரு முடி பிரியாது. பல ஆண்டுகளுக்குப் பின் அம்மா பக்கவாதத்தில் படுத்தபோது, அம்மா இறக்கும் வரையில் ஆறு ஆண்டுகள், அப்பா தினமும் காலையில் தேங்காய் எண்ணெய் தடவி, வலிக்கிறதா என்று கேட்டுக் கேட்டு, அதே கைகளால் மிகவும் தளர்வாகப் பின்னிவிடுவார். நீராவி பட்டு வெந்த தழும்பு இடது முன்கையில் அப்போதும் பளபளப்பாகத் தெரியும். என்னைக் கேட்டால், பாய்லர் அறையில் அவர் காட்டிய உறுதியைவிட இந்தப் பொறுமை பெரியது.

போரை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதில் அவருக்கும் பெருமை இருந்தது. 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் புதிய விக்ராந்த் கடற்படையில் சேர்க்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, 83 வயதில், வெள்ளைச் சட்டை போட்டு எழுந்து நின்றார்.

ஆகவே நீங்கள் எழுதிய வரிக்குக் கீழே இந்த இரண்டு வரிகளையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: ‘காசிமேட்டுப் படகுகளின் இன்ஜின் மெக்கானிக். மூன்று தங்கைகளுக்கு அண்ணன், மனைவிக்குத் துணை, இந்தத் தெருப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்.’ கூடுதல் எழுத்துகளுக்கான செலவை நாங்களே ஏற்கிறோம். கல் வெட்டுபவர் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். அதற்குள் கூடிப் பேசி உங்கள் முடிவைத் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
அவருடைய மூத்த மகள்