டைல்ஸ் ஒட்டும் முன்

யீஷூன், சிங்கப்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலாமா? வீட்டு வேலை முடிந்து குடிவந்துவிட்டோம். எல்லாம் நல்லபடியாக அமைந்ததா என்று போனில் கேட்டீர்கள். அடுப்படி மனசுக்கு நிறைவாக வந்திருக்கிறது. குளியலறைதான் குறை.

எண்பதுகளில் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீடு இது. நிரந்தரவாசிகளான நாங்கள் மூன்று வருடம் காத்திருந்த பிறகே மறுவிற்பனையில் வாங்க முடிந்தது. பழைய டைல்ஸ், குழாய் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டியிருந்தது. இங்கே நினைத்த நேரத்தில் சுத்தியலைத் தூக்க முடியாது. சுவரை இடிக்க வீவக அனுமதி வேண்டும். சத்தமான உடைப்பு வேலையெல்லாம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணிக்குள். ஞாயிறு எந்த வேலையும் கிடையாது. சுற்றிலும் குழந்தைகள், வயதானவர்கள் இருக்கும் இடத்தில் இது நியாயம்தான். ஆனால் உடைப்பில் போன நாட்களை ஈடுகட்ட, காண்ட்ராக்டர் மற்ற வேலைகளில் அவசரப்பட்டார்.

குளியலறைத் தரையில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பூசி, அது காய்ந்ததும் தண்ணீர் போகும் துளையை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரைத் தேக்கி வைக்க வேண்டும். நீங்கள் கட்டட வேலையில் தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது கான்கிரீட் நன்றாக இறுகுவதற்கு. இங்கே ஒழுகுகிறதா என்று பார்ப்பதற்கு. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியாவிட்டால்தான் டைல்ஸ் ஒட்டலாம். எங்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டு நேரம் மட்டும்தான் தண்ணீர் நின்றதாம். டைல்ஸ் ஒட்டிய பட்டுக்கோட்டைத் தம்பி பிறகு சொன்னான். அவன்மேல் எனக்கு வருத்தமே இல்லை அப்பா. அன்றைக்கே இன்னொரு வீட்டுக்கும் அவனை விரட்டினார்கள்.

தரையின் வாட்டமும், அதாவது சரிவும், சரியில்லை. குளித்த தண்ணீர் துளைப் பக்கம் ஓடாமல் கதவோரம் தேங்குகிறது. இப்போது கீழ்வீட்டுக் கூரையில் மஞ்சள் கறை. இப்படிக் கசிந்தால் மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்துதான் சரிசெய்ய வேண்டும் என்பது இங்குள்ள முறை. கீழே இருக்கும் மலாய்க் குடும்பம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. செலவை அவர்கள் தலையில் ஏற்ற மாட்டோம் என்று இவர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

காண்ட்ராக்டர் கொடுத்த ஒப்பந்தத்தில் அலமாரிக் கைப்பிடியின் நிறம்கூட எழுதியிருந்தது. தண்ணீர் தேக்கிப் பார்ப்பது பற்றி ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி இருந்து, அது முடிந்த பிறகுதான் அடுத்த தவணை என்றும் இருந்திருந்தால், கீழ்வீட்டுக்கு இந்தத் தொல்லை வந்திருக்காது. வீடு புதுப்பிக்கும் யாரைப் பார்த்தாலும் இப்போது இதைத்தான் சொல்கிறேன்.

கடைசித் தவணையை இன்னும் கொடுக்கவில்லை. தரையை மறுபடி பெயர்த்துப் போட்டுத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். கதவிலிருந்து துளை வரைக்கும் ஐந்தடி. எவ்வளவு வாட்டம் வைக்கச் சொல்லட்டும்? வேலை தொடங்கும் அன்று வீடியோவில் கூப்பிடுகிறேன். ரசமட்டத்தை வைத்துக் காட்டச் சொல்கிறேன், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்