பொருள்: ஈடி 42 (ரிம் உள்ளடங்கி உட்காரும் அளவு) கேட்டு வாங்கிய ரிம்களுக்குப் பதிலாக ஈடி 35 பொருத்தியது – மாற்றித் தரக் கோரி

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 மே மாதம் உங்கள் கிள்ளான் கடையில் என் டொயோட்டா ஜிஆர்86 காருக்கு நான்கு ரிம்களும் நான்கு டயர்களும் வாங்கினேன். பொருத்துக் கூலி உட்பட 6,520 ரிங்கிட். ரசீதும் உங்கள் ஊழியர் எழுதிக் கொடுத்த ஆர்டர் சீட்டும் இத்துடன் இணைத்திருக்கிறேன். கடைப் பலகையில் தமிழைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன், அதனால் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஆர்டர் சீட்டைப் பாருங்கள். அதில் நடுத்துளை (சக்கரம் பூட்டும் மையமான ஹப் நுழையும் ரிம் துளை, மி.மீ. கணக்கு) என்ற இடத்தில் 54.1 என்று எழுதி, அடித்துவிட்டு, பக்கத்தில் 56.1 என்று திருத்தியிருக்கும். அந்தத் திருத்தம் நான் சொல்லிச் செய்தது. உங்கள் ஊழியர் டொயோட்டா என்றதும் பழக்கத்தில் 54.1 போட்டார். வண்டியின் மூக்கில் டொயோட்டா முத்திரை இருந்தாலும் இது சுபாரு தொழிற்சாலையில் கட்டிய கார். 5×100 பிசிடி (100 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட்), 56.1 ஹப், 1.25 புரி கொண்ட 12 மி.மீ. நட்டு எல்லாம் சுபாருவின் கணக்கு. அவரும் சரி என்று கேட்டுக்கொண்டு எழுதினார். அதற்குக் கீழேயே 17×9ஜே (விட்டம் 17, அகலம் 9 அங்குலம்), ஈடி 42 என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. ஈடி என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் வரையுள்ள தூரம், மி.மீ. கணக்கில்; எண் குறையக் குறைய ரிம் வெளியே தள்ளும். அதாவது நான் "நல்லதா ஏதாவது போடுங்க" என்று கேட்டு வந்த ஆள் இல்லை. மூன்று மாதம் அளந்து, கணக்குப் போட்டு, எண்களோடு வந்தவன்.

அந்த எண்கள் ஏன் என்று சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும். என் காரோடு வந்தது 18 அங்குல, 7.5ஜே, ஈடி 48 ரிம். டயர் 215/40 ஆர்18. சாலைக்கு அது போதும். செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டினால் மூன்றாவது சுற்றிலேயே முன் டயர் வழுக்க ஆரம்பித்துவிடும். 17 அங்குலத்துக்கு இறங்கினால் இன்னும் அகலமான 245/40 டயர் போடலாம், டயர் விலையும் குறையும். மொத்த விட்டம் 629க்குப் பதில் 628 மில்லிமீட்டர்தான் வரும், வேக மீட்டர் பொய் சொல்லாது. 9ஜே ரிம் ஈடி 42 ஆக இருந்தால் வெளி விளிம்பு பழையதைவிட 25 மி.மீ. வெளியே வரும். முன்சக்கரத்துக்குக் கேம்பர் போல்ட் போட்டு ஒன்றரை பாகை உள்ளே சாய்த்திருந்தேன். அதற்கு இந்த 25 இடிக்காமல் அடங்கும் என்று அளந்தே வந்தேன்.

நீங்கள் பொருத்தியது ஈடி 35. அதாவது 25 இல்லை, 32 மி.மீ. வெளியே. நாளிதழ் படிப்பவருக்கு ஏழு மில்லிமீட்டர் ஒன்றுமே இல்லை. ஃபெண்டருக்கும் (டயருக்கு மேல் வளைந்த தகடு) டயருக்கும் இடையில் விரல் நுழைகிறதா என்று பார்ப்பவருக்கு அது அரை விரல்.

இது எனக்கு எப்போது தெரிந்தது? ஜூனில், செப்பாங்கின் ஆறாவது வளைவில். ஐந்தாவது இடப்பக்கம், உடனே ஆறாவது வலப்பக்கம், இரண்டும் வேகமானவை. வலப்பக்கம் திரும்பும்போது காரின் பாரமெல்லாம் இடது முன்சக்கரத்தில் போய் உட்காரும். கரகரவென்று ஒரு சத்தம், பிறகு ரப்பர் வாடை. முதலில் வேறு யாருடைய வண்டியோ என்று நினைத்தேன். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில், அதே சத்தம். உள்ளே வந்து பார்த்தால் இடது முன் டயரின் தோளில் சுற்றிலும் கத்தியால் கீறியது போல ஒரு வரி. ஃபெண்டரின் உள்மடிப்பில் கறுப்புப் பூச்சு.

சரி, சத்தம் வந்தால் மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம் என்று இரண்டாவது ஓட்டத்துக்கும் போனேன். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஓட்டம் முடிந்ததும் முன் பிரேக் கட்டைகளைப் பார்க்க ரிம்மைக் கழற்றினோம். பதினைந்தாம் வளைவுக்கும் முதல் வளைவுக்கும் வரும்போது நீண்ட நேர்ச்சாலையின் கோடியில் முழு பிரேக் அழுத்த வேண்டும், அடுத்தடுத்து இரண்டு முறை. அந்தச் சூட்டில் ஒரு பங்கு ஹப்பிலும் இறங்கும். ரிம் வெளியே வந்தது. அதன் நடுவில் இருந்த சாம்பல் நிற பிளாஸ்டிக் வளையம் வரவில்லை. ஹப்பில் உருகி, ஒரு பக்கம் வழிந்து, சூடான தோசைக்கல்லில் பிளாஸ்டிக் கரண்டியை மறந்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒட்டிக் கிடந்தது. சுரண்டித்தான் எடுத்தோம், இரண்டு துண்டாக.

அப்போதுதான் ரிம்மைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறம் வார்ப்பிலேயே இருக்கிறது: ஈடி 35, நடுத்துளை 73.1. எந்தக் காருக்கும் போட வசதியாகப் பெரிய துளையோடு செய்து, 73.1லிருந்து 56.1க்கு ஒரு வளையத்தால் அடைக்கும் பொதுச் சரக்கு. சுற்றிலும் எட்டரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக். கடையில் பொருத்தும்போது அதை நான் பார்க்கவில்லை, யாரும் காட்டவும் இல்லை.

வளையம் இல்லாமல் மறுபடி பூட்டி, நட்டுகளைக் குறுக்குமறுக்காக 120 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். காரை மறுபடி தடத்துக்கு எடுத்துப் போனதும், வேகம் 110ஐத் தாண்டியவுடன் ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. அந்தச் சுற்றோடு நிறுத்திவிட்டேன். கட்டணம் கட்டிய நாள் பாதியில் போனது. எலிட் நெடுஞ்சாலையில் 80க்கு மேல் போகாமல் லாரிகளுக்கெல்லாம் வழிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் உங்கள் கடைக்கு வந்தேன். அங்கே கேட்டதை அப்படியே எழுதுகிறேன். முதலில், "அண்ணே, ரிங் வெறும் பொருத்துறப்ப நடுவுல உக்கார வைக்கத்தான், பிடிச்சு வச்சிருக்கிறது நட்டுதான்." இது பாதி உண்மை. கூம்பு நட்டு சரியாக உட்கார்ந்தால் ரிம் நடுவில்தான் நிற்கும். ஆனால் டிராக்கில் ஓட்டுகிறவன் ஒரு நாளில் மூன்று முறை ரிம்மைக் கழற்றிப் பூட்டுவான், தரையில் முழங்கால் போட்டு, ஜாக்கியில். ஒவ்வொரு முறையும் நடுவில் உட்கார வைக்கத்தான் அந்த வளையம் வேண்டும். அது உருகினால் பயன் என்ன?

அடுத்து, "ரேஸ்ல ஓட்டினா வாரண்டி கிடையாது" என்றார்கள். இந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது. உங்கள் கடைச் சுவரில் அந்த ரிம்முக்கு மேலே தொங்கும் அட்டையில் 'டிராக்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. டிராக்குக்கென்று விற்றுவிட்டு, டிராக்கில் ஓட்டினாய் என்று குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

கடைசியாக, ஈடி 42 இருப்பு இல்லாததால் 35 போட்டதாக ஊழியரே சொன்னார். ஒரு போன் போட்டிருக்கலாமே. நான் இரண்டு வாரம் காத்திருப்பேன். ஏன், 73.1 துளையைக்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன், அலுமினிய வளையம் போட்டுத் தருவதாக இருந்தால். சந்தையில் பெரும்பாலான ரிம்கள் அப்படித்தான் வருகின்றன என்று எனக்கும் தெரியும். ஆனால் ஈடி 35ஐ ஒருபோதும் ஏற்றிருக்கமாட்டேன்.

டயரைப் பற்றி ஒரு வரி. "புதுச் சரக்கு" என்று கொடுத்த நான்கில் இரண்டின் பக்கவாட்டில் 0821 என்று இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் எட்டாவது வாரம். நான் வாங்கியது 2024இல். டிராக் ரப்பர் கிடங்கில் கிடந்தே இறுகிப்போகும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் கேட்பது இவைதான். நான்கு ரிம்களையும் 17×9ஜே, ஈடி 42ஆக மாற்றித் தர வேண்டும், துளை 56.1, அல்லது அலுமினிய வளையத்தோடு 73.1. கீறல் விழுந்த இடது முன் டயரையும் 0821 டயர்கள் இரண்டையும் மாற்ற வேண்டும். பொருத்தும்போது நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். மாற்றுச் சரக்கு இல்லையென்றால் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள்.

கடிதம் கிடைத்து 14 நாளில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போவேன். 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கு அங்கே எடுபடும், மனுக் கட்டணம் ஐந்து ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்கும் பொருள் சொன்ன விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும். அடித்துத் திருத்திய அந்தச் சீட்டே எனக்குப் போதுமான சாட்சி.

ரிம்கள் நான்கையும் கழுவித் துடைத்து வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன். உருகிய வளையத்தின் இரண்டு துண்டுகளும் தனிப் பையில் இருக்கின்றன. என்றைக்கு வரலாம் என்று சொன்னால் எல்லாவற்றையும் எடுத்துவருகிறேன்.

இப்படிக்கு,
ஜிஆர்86 உரிமையாளர்