செயலாளர் ஆண்டறிக்கை: ஆலோசகரிடம் சொன்னது யார் காதுக்குப் போகும்?

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. முதலுதவிப் பயிற்சி காட்பாடியிலும் குடியாத்தத்திலும் நடந்தது, ரத்ததான முகாம் நடந்தது, கோடையில் மோர்ப்பந்தல் போட்டோம், வேலூர் வெயிலில் அதற்குக் கூட்டம் சேர்க்கவா வேண்டும். இந்த ஆண்டு செயற்குழுவில் அதிகம் சண்டை போட்டது மனநல ஆலோசனை பற்றித்தான், ஆகவே அறிக்கையின் மீதி முழுக்க அதுதான்.

நம்மில் பாதிப் பேர் 108 வண்டியில் இருப்பவர்கள், மற்றவர்கள் ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர்கள், வெள்ளக் காலத்தில் கயிறும் படகுமாய் இறங்கும் தன்னார்வலர்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதும், பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்ததும் நம் ஆட்களுக்குச் செய்தி அல்ல. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி விபத்து, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவி முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு. அதன்பிறகு தூக்கம் வராது, சின்னச் சத்தத்துக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், வீட்டில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவோம். ஒரு மாதத்துக்குள் தானாகவே தணிகிறவர்கள்தான் அதிகம். ஒரு மாதம் தாண்டியும் விடாமல் துரத்தினால் மருத்துவரையோ ஆலோசகரையோ பார்த்தே ஆக வேண்டும்.

அதற்காகத்தான் சங்க அறையில் ஆலோசகர் ஒருவரை உட்கார வைத்தோம். ஆனால் தொடக்கத்தில் யாருமே வரவில்லை. காரணம் கூச்சம் என்று சிலர் சொன்னார்கள், எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. டீக்கடையில் விசாரித்தால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அண்ணே, இது மேலே போகாதே?" அந்தப் பயம் சும்மா வரவில்லை. நம் உறுப்பினர் ஒருவர் முன்பு வேறோர் இடத்தில் ஆலோசனைக்குப் போனார். சில நாளில் அவருடைய மேலதிகாரி எல்லோர் முன்னாலும், "என்ன தம்பி, இப்பெல்லாம் தூக்கம் வருதா?" என்று கேட்டாராம். அக்கறையாகத்தான் கேட்டிருப்பார், இருக்கட்டும். ஆனால் அந்தத் தம்பி அதற்கப்புறம் எவரிடமும் வாய் திறக்கவில்லை, அவரைப் பார்த்து அந்த ஷிப்டில் இருந்த மற்றவர்களும் திறக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று நிறைய பேர் கேட்டீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23, சிகிச்சை பெறுகிறவரின் விவரங்களை ரகசியமாக வைப்பது மருத்துவப் பணியாளரின் கடமை என்கிறது. பிறருக்கு ஆபத்து, உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு மாதிரி விதிவிலக்குகளும் அதிலேயே இருக்கின்றன. கவனிக்க வேண்டியது, அது கட்டுப்படுத்துவது மருத்துவப் பணியாளரை. பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லும் சக ஊழியரை அது கட்டுப்படுத்தாது.

அமெரிக்காவில் 1991-ல் இல்லினாய் மாநிலத்தில் சண்டை என்று அழைப்பு வந்து போன ஒரு பெண் போலீஸ் அதிகாரி, ஒருவரைச் சுட்டுக் கொல்ல நேர்ந்தது. பிறகு அவர் ஆலோசனைக்குப் போனார். இறந்தவரின் தரப்பு வழக்குப் போட்டு அந்த ஆலோசனைக் குறிப்புகளைக் கேட்டது. 1996-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கொடுக்க வேண்டியதில்லை, ரகசியம் இல்லாவிட்டால் யாரும் சிகிச்சைக்கே போக மாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. நம் ஊரில் அப்படி ஓர் அரண் கிடையாது. சாட்சியச் சட்டத்தில் வழக்கறிஞரிடம் சொன்னதற்கு இருக்கும் பாதுகாப்பு மருத்துவரிடம் சொன்னதற்கு இல்லை, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் அதே நிலைதான். அதனால் "எதுவுமே வெளியே போகாது" என்று சங்கத்தின் பெயரில் யாரும் சத்தியம் செய்யக் கூடாது என்பது என் கருத்து. செயற்குழுவில் இரண்டு பேருக்கு இதில் இன்னும் உடன்பாடில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது ஆலோசகர் முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், நீதிமன்றம் கேட்டால், குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் நான் சும்மா இருக்க முடியாது (கடைசியது போக்சோ சட்டப்படி கட்டாயம்). மற்றபடி தூக்கம், குடி, வீட்டுச் சண்டை, வண்டிக்குள் அழுதது, எல்லாம் இந்த அறையோடு சரி. எல்லையைச் சொன்னால் ஆட்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று நினைத்தோம். நடந்தது வேறு, அதற்குப் பிறகுதான் வர ஆரம்பித்தார்கள்.

பெரிய விபத்து முடிந்ததும் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்துப் பேச விட வேண்டும் என்று ஒரு கோரிக்கை வந்தது. 1983-ல் ஜெஃப்ரி மிட்செல் எழுதிய முறை அது, பல நாடுகளில் தீயணைப்புத் துறைகள் செய்தன. ஆனால் ஒரே அமர்வில் அப்படிப் பேச வைப்பது பிற்கால மனக்காயத்தைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியதால், உலக சுகாதார நிறுவனமே இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. ரகசியம் என்று பார்த்தாலும் சிக்கல்தான்: ஒருவர் சொன்னதை எட்டுப் பேர் கேட்டால் காப்பாற்ற வேண்டிய வாயும் எட்டு. வண்டி ஓட்டும் பைலட்டும் உள்ளே முதலுதவி செய்யும் இஎம்டியும் ஒரே வட்டத்தில் இருந்தால் எவர் மனம் திறப்பார்? எனவே அதைக் கைவிட்டோம், தனித்தனிச் சந்திப்பு மட்டும்தான்.

அப்புறம் வவுச்சர் பிரச்சினை. ஆலோசகர் கட்டணத்துக்குத் தணிக்கையாளர் ஆதாரம் கேட்பார், வந்தவர்களின் பெயரும் கையெழுத்தும் இல்லாமல் எப்படி என்று பொருளாளர் மடக்கினார். அவர் வேலையை அவர் செய்கிறார், தப்பில்லை. ஆனால் அந்த நோட்டு யார் மேஜையில் கிடந்தாலும் ஆபத்து. கடைசியில் ஆலோசகர் தேதியும் மணி நேரமும் மட்டும் எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்று தணிக்கையாளரே ஒப்புக்கொண்டார். பெயர்ப் பட்டியல் சங்கத்தில் எங்கும் இல்லை, எனக்கும் யார் வருகிறார்கள் என்று தெரியாது. சந்திப்புக்கு நேரம் வாங்க வாட்ஸ்அப் குழுவில் தயவுசெய்து எழுதாதீர்கள், ஆலோசகரை நேரடியாக அழையுங்கள். ராத்திரி நேரத்தில் தாங்க முடியவில்லை என்றால் 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, இலவசம், தமிழில் பேசலாம்.

பொதுக்குழு முன் வைக்கும் தீர்மானங்கள் இரண்டு. ஆலோசகர் ஏற்பாட்டை அடுத்த ஆண்டும் தொடர்வது ஒன்று. ஆலோசனைக்கு வந்தவரின் பெயரை எந்த அதிகாரி கேட்டாலும், நிர்வாகிகள் யாரும் விசாரித்துச் சொல்லக் கூடாது, மீறினால் பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதில் எதிர்ப்பு இருந்தால் கூட்டத்திலேயே எழுந்து சொல்லுங்கள், பிறகு வெளியே நின்று பேச வேண்டாம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் வாக்கெடுப்புக்கு முன் கட்டிவிட்டால் வாக்களிக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்